உண்மைக் கதைப் படம் பார்த்துவிட்டு எழுத உட்காருகிறீர்களா?

படம் முடிந்த கையோடு போனை எடுத்து 'உண்மையில் நடந்தது என்ன' என்று தேடாதீர்கள். நான் பல வருடம் அப்படித்தான் செய்தேன், கடைசியில் பார்த்தால் நான் எழுதியதெல்லாம் யாரோ கண்டுபிடித்த தப்புகளின் பட்டியலாகக் கிடந்தது, படம் என்னை என்ன செய்தது என்று அதில் ஒரு வரி இல்லை. அன்று ராத்திரியே, தூங்கப் போகுமுன், மனதில் நிற்கிற ஒரே ஒரு காட்சியைப் பற்றி நாலு வரி எழுதி வையுங்கள். எழுத்துப்பிழை கிடக்கட்டும். தேடுவதெல்லாம் மறுநாள், மாமாக் கடையில் (நம்ம ஊர்த் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் டீ, ஆறுகிற நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தேடும்போதும் அந்த ஒரு காட்சியை மட்டும் தேடுங்கள். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) படத்தில் வரி கேட்கும் காட்சியை மலேசியாவில் இருக்கிற எங்கள் சுங்கை சிப்புட்டில் இன்றைக்கும் ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் யாராவது ஒரு மாமா பேசிக் காட்டாமல் விடமாட்டார். 1798-ல் இராமநாதபுரத்தில் கட்டபொம்மன், கம்பெனிக் கலெக்டர் ஜாக்சன் துரையைச் சந்தித்தது நடந்த விஷயம். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கில் போட்டதும் நடந்ததுதான். அந்த வசனம் மட்டும் சக்தி கிருஷ்ணசாமியின் பேனா. சரி, இது தெரிந்த பிறகும் உங்களுக்குப் புல்லரிக்கிறதா? அதையும் எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் பெரியவர்களிடம் கேட்பது. இதைத்தான் நம்மில் நிறையப் பேர் தவறவிடுகிறோம். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) படத்தை எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியோடு உட்கார்ந்து பார்த்தேன். அவருடைய அப்பா ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் போனவர், திரும்பி வரவில்லை. அதே பாதைக்குப் பாலம் கட்டப்போகிற, ஜப்பான்காரனிடம் பிடிபட்ட ஆங்கிலப் படைக் கைதிகள் சீட்டியடித்துக்கொண்டே முகாமுக்குள் நடந்து வருவார்களே, அங்கே பாட்டி கேட்டார்: "இவ்வளவு சத்தமா சீட்டியடிக்க வயித்துல என்னய்யா இருந்துச்சு?" அதற்கு முன் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

அதிலிருந்துதான் நான் தேடினேன். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் 60,000-க்கு மேல், செத்தவர்கள் ஏறக்குறைய 12,000, தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கல்லறைகள் வரிசை வரிசையாகப் பெயரோடு இருக்கின்றன. நம் தோட்டத்துத் தமிழர்களையும் பர்மியர்களையும் சேர்த்து ஆசியத் தொழிலாளிகள் அவர்களைவிடப் பல மடங்கு, அவர்கள் சாவுக்கு ஒழுங்கான கணக்குப் புத்தகம்கூடக் கிடையாது. படத்திலும் அவர்களுக்கு இடமில்லை. பாலமாவது? படத்தில் கட்டி முடித்த கையோடு வெடிக்கிறது. நிஜத்தில் அது 1945-ல் குண்டு விழும்வரை ரயில் ஓடிய பாலம். அங்கிருந்த மூத்த ஆங்கில அதிகாரி பிலிப் டூசி, படத்துக் கர்னல் மாதிரி பாலத்தைத் தன் பெருமையாக நினைத்தவரும் இல்லை, வேலையை இழுத்தடிக்க வழி பார்த்தவர். இதில் ஒரு வேடிக்கை, படம் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாக்காரர்கள் குவாய் ஆற்றைத் தேட, அந்தப் பகுதியில் மே குளோங்காக இருந்த ஆற்றுக்கே பிறகு பெயரை மாற்றிவிட்டார்கள்.

பெரியவர்களிடம் 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று கேட்டால் 'கஷ்டம்தான்' என்று முடித்துவிடுவார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். மரவள்ளிக்கிழங்கில் தொடங்கினால் மூன்று மணி நேரம் ஓடும்.

இன்னொன்று, கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். 'புக்கிட் கெப்போங்' (1981), ஜொகூரில் 1950 பிப்ரவரி 23-ல் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் தாக்கிய போலீஸ் நிலையத்தின் கதை, முழுக்க நிலையத்துக்கு உள்ளேயிருப்பவர்களின் பக்கம் நிற்கிற படம். அது குற்றமில்லை, ஆனால் எழுதும்போது சொல்லிவிட வேண்டும். 1948 ஜூன் 16-ல் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுடப்பட்டு, அந்தக் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து மலாயாவில் ஆங்கில அரசு போட்ட அவசரகாலம் தொடங்கியதே எங்கள் ஊர்ப் பக்கத் தோட்டங்களில்தான், அதனால் எந்தப் பக்கத்துக் கதையைக் கேட்டாலும் எனக்கு மறுபக்கத்துத் தாத்தா ஒருவர் ஞாபகத்துக்கு வந்துவிடுவார்.

எழுதும்போது 'படத்தில்' 'நடந்தது' என்ற இரண்டு சொல்லையும் தாராளமாகப் போடுங்கள், படிக்கிறவர் குழம்பமாட்டார். நட்சத்திரமெல்லாம் வேண்டாம். செத்தவர்கள் கதைக்கு ஐந்துக்கு மூன்றரை போடுவது எனக்கு என்னவோ போல இருக்கிறது.

முடிவைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். கட்டபொம்மனைத் தூக்கில் போட்டு இருநூறு வருடத்துக்கு மேலாகிறது, சொல்லுங்கள்.