கேட்காமல் கொடுத்த உதவி: ஏழை நாடுகளின் சுகாதாரப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் வந்து இறங்கிய நன்கொடை மருந்து சுமார் 4,000 டன். பின்னர் கணக்கெடுத்தபோது, அதில் ஏறக்குறைய 60 சதவீதம் அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை என்று தெரிந்தது. 70 சதவீத மருந்துகளின் உறையில் இருந்தது அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழி. சுமார் 600 டன்னை அழிக்க வேண்டியிருந்தது, அதற்கும் தனியாகச் செலவு. அனுப்பியவர்கள் எல்லோரும் நல்ல மனசோடுதான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் ஆட்களும் கிடங்கும் இல்லாமல் தவித்த ஓர் ஊரில், அந்தப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே வழிகாட்டி வெளியிட்டிருந்தது. அங்கிருந்து கேட்டதை மட்டும் அனுப்புங்கள், போய்ச் சேரும்போது காலாவதியாக ஓராண்டாவது மிச்சம் இருக்கட்டும், உறையில் உள்ளது அங்குள்ளவர்களுக்குப் புரிய வேண்டும் என்பவை அதன் முக்கிய விதிகள். எட்டு ஆண்டுகள் கழித்தும் ஆச்சேயில் அது நடந்தது என்பதுதான் வலிக்கிறது. கருவிகளிலும் இதே நிலைதான். வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைக் கருவிகளில் சுமார் 40 சதவீதம் இயங்காமல் கிடப்பதாக 2011-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. உதிரிபாகம் எங்கே கிடைக்கும், மின்னழுத்தம் ஏறி இறங்கினால் தாங்குமா, பழுது பார்க்க ஆள் உண்டா என்று கேட்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

பொருளில் நேரும் தவறையாவது கிடங்கில் கண்ணால் பார்த்துவிடலாம். மக்களின் துக்கத்தை மதிக்காமல் செய்யும் தவறு அப்படித் தெரிவதில்லை. 2014-ல் கினி, சியரா லியோன், லைபீரியா நாடுகளில் எபோலா பரவியபோது, இறந்தவர் உடலைக் குளிப்பாட்டி வழியனுப்பும் சடங்கு தொற்றுக்குப் பெரிய வழியாக இருந்தது. அதைத் தடுத்தே ஆகவேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் மாதங்களில் அது செய்யப்பட்ட விதம்? முகம் தெரியாத கவச உடையில் வந்தவர்கள் உடலைப் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. புதைப்பதே வழக்கமாக இருந்த மக்கள் அதை எப்படித் தாங்குவார்கள்? நோயாளிகளையும் பிணங்களையும் மறைக்கத் தொடங்கினார்கள். மறைத்த இடங்களிலிருந்து நோய் மேலும் பரவியது. அந்த ஆண்டு நவம்பரில்தான் ‘பாதுகாப்பான, மரியாதையான அடக்கம்’ என்ற புதிய நெறிமுறை வந்தது. குடும்பத்தார் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், இமாமோ பாதிரியாரோ உடனிருக்கலாம். தொற்றியல் கணக்கில் அது விட்டுக்கொடுத்ததாகத் தோன்றலாம். உண்மையில் நோய்த் தடுப்பே அதனால்தான் நடக்க முடிந்தது. அந்தப் பரவலில் 11,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இன்னொரு தவறு, திட்டம் வெற்றி என்று அறிவித்துவிட்டுப் பார்வையை எடுத்துவிடுவது. வங்கதேசத்தில் 1970-களிலிருந்து யுனிசெஃப் உதவியோடு குழாய்க் கிணறுகள் பெருமளவில் தோண்டப்பட்டன. குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்குச் சாவுகளைத் தடுப்பது நோக்கம், அது நியாயமான நோக்கம். நிலத்தடி நீரில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் இருக்குமா என்று அன்று யாரும் சோதிக்கவில்லை. அப்போதைய வழக்கமான நீர்ப் பரிசோதனையில் அது இல்லை, ஆகவே அந்தத் தொடக்கத்துக்காக அவர்களை நான் கடுமையாகக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்திலேயே மேற்கு வங்கத்தில் 1980-களின் தொடக்கத்திலேயே ஆர்செனிக் நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். வங்கதேசக் கிணறுகளில் அது உறுதியானது 1993-ல். சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானதற்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை என்று வண்ணம் பூசும் வேலை பெரிய அளவில் நடக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளி முழுக்க மக்கள் அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

‘இலவசமாகக் கொடுத்தால் மதிக்கமாட்டார்கள்’ என்ற நம்பிக்கையும் இந்தத் துறையில் வெகுகாலம் உலவியது. கென்யாவில் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொசுவலை கொடுத்துப் பார்த்த ஆய்வு அதைச் சோதித்தது. விலை பூஜ்யத்திலிருந்து 60 அமெரிக்க சென்ட் ஆனதுமே வலை வாங்குவோர் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்களோ விலை கொடுத்தவர்களுக்குக் குறையாமல் அதைப் பயன்படுத்தினார்கள். ஏழைகளின் மனதைப் பற்றி வெளியாட்கள் சொல்லும் எந்த வாசகத்தையும் சோதிக்காமல் ஏற்கக்கூடாது.

அதிகம் பேசப்படாத ஒன்று, ஆள் பறிப்பு. வெளிநாட்டு நிறுவனம் கூடுதல் சம்பளம் தந்து அரசு சுகாதார நிலையத்தின் நல்ல செவிலியரைத் தன் திட்டத்துக்கு எடுத்துக்கொள்கிறது. திட்டத்தின் அறிக்கை பளபளக்கும், சுகாதார நிலையம் காலியாகும். இந்தப் பழக்கத்தைத் தவிர்ப்பதாக உறுதி தரும் நடத்தை விதித் தொகுப்பு ஒன்று 2008-லிருந்தே இருக்கிறது. இந்தத் துறையில் வேலைக்குச் சேர்வதாக இருந்தால், நீங்கள் சேரப்போகும் நிறுவனம் அதில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

சரியாகச் செய்தவர்களும் முதலில் தவறித்தான் கற்றார்கள். வங்கதேசத்தின் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகளில் வீடு வீடாகப் போய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு, வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க வேண்டிய உப்பு-வெல்லக் கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். கற்பித்தவருக்குச் சம்பளம், பிறகு சோதிக்கும்போது தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தாய்மார் சரியாகவே சொன்னார்கள், ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது பலர் கரைசலைக் கொடுக்கவில்லை. பிராக் மக்களைக் குறை சொல்லாமல் காரணம் தேடியது. கற்பிக்கப் போன பணியாளர்களே தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரை விழுங்கினார்கள், கரைசலில் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை. வீட்டு ஆண்களோ தங்களிடம் யாரும் பேசவில்லையே என்று ஒதுங்கியிருந்தார்கள். பணியாளர்களுக்கு மீண்டும் பயிற்சி தந்தார்கள், கடைத்தெருவிலும் பள்ளிவாசலிலும் ஆண்களிடம் போய்ப் பேசினார்கள். கரைசல் வீடுகளில் புழங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.