கே-டிராமா கடைசில சொதப்பிடுச்சா? இப்படி பண்ணுங்க

(ரெண்டு டிராமா முடிவு கீழ வருது, பாக்காதவங்க உஷார்)

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி வண்டியில ஏறுற பொண்ணுங்கள பாருங்க, பாதி பேருக்கு காதுல ஹெட்செட், கையில கொரியன் டிராமா. தூக்கத்த விட்டு பதினாலு எபிசோட் பாத்து கடைசி ரெண்டுல கதைய கவுத்துட்டாங்கன்னா வயிறு எரியத்தான் செய்யும். "சீரியல் தானே, விடு"ன்னு வீட்ல சொல்லுவாங்க, அத காதுல வாங்காதீங்க, கோவம் நியாயமானது தான்.

முடிஞ்ச கையோட அடுத்த டிராமாவ போடாதீங்க, குறிப்பா அதே ஹீரோவோடத. அந்த கடுப்புல எது பாத்தாலும் ஒட்டாது, நல்ல டிராமாவும் வீணா போவும்.

அப்புறம் ஏன் சொதப்புச்சுன்னு பாருங்க. கொரியா டிவி டிராமா நெறைய 16 எபிசோட், வாரத்துக்கு ரெண்டு. ஒரு பக்கம் டிவில ஓடிக்கினு இருக்கும்போதே இன்னொரு பக்கம் ஷூட்டிங் நடக்குறது அங்க ரொம்ப நாள் பழக்கம், கடைசி வாரம் வரும்போது எழுதுறவங்களுக்கும் நேரம் இல்ல நடிக்கிறவங்களுக்கும் தூக்கம் இல்ல, அதான் பதிமூணு தாண்டுனா பழைய சீனையே ஃப்ளாஷ்பேக்னு திரும்ப ஓட்டுவாங்க. இப்போ முழுசா எடுத்து முடிச்சிட்டு விடுறதும் நெறைய வருது, அத தேடி பாருங்க.

கதை நாவல்லருந்தோ வெப்டூன்லருந்தோ (நெட்ல வர்ற படக்கதை) எடுத்ததான்னும் பாருங்க, இது தான் நல்ல மருந்து. 2022ல வந்த ரீபார்ன் ரிச் டிராமாவுல ஹீரோ செத்து, பெரிய கம்பெனி குடும்பத்து பேரன் ஜின் டோ-ஜுனா மறுபடி பொறப்பான், கடைசி எபிசோட்ல பழைய ஆளாவே கண்ண முழிச்சிடுவான், எவ்ளோ பேர் கொதிச்சாங்க! ஆனா அதோட வெப் நாவல்ல அவன் ஜின் டோ-ஜுனாவே இருந்து கம்பெனிய பிடிச்சிடுவான். மனசு ஆறலன்னா அந்த முடிவ தேடி படிங்க.

சிலது சொதப்பலே இல்ல, நாம தான் கவனிச்சிருக்க மாட்டோம். ட்வென்டி ஃபைவ் ட்வென்டி ஒன்ங்கிற டிராமாவுல ஹீரோ பேக் யி-ஜின், ஹீரோயினோட பொண்ணு கிம் மின்-சே. நமக்கு இனிஷியல் எப்படியோ அப்படி அவங்களுக்கு முன்னாடி வர்ற குடும்பப் பேரு பெரும்பாலும் அப்பாவோடது, அப்போ ஆரம்பத்துலயே இவங்க சேரலன்னு சொல்லிட்டாங்க இல்ல? பிரிஞ்சிடுவாங்கன்னு தெரிஞ்சி திரும்ப பாருங்க, அவங்க சிரிச்சிக்கினு ஓடுற சீன்லாம் வேற மாதிரி தெரியும், எனக்கு இப்போ அது தான் ரொம்ப புடிச்ச டிராமா.

நெஜமாவே சொதப்பலா இருந்தா புடிச்ச எபிசோட் வரைக்கும் மட்டும் திரும்ப பாருங்க, மீதிய தொடாதீங்க.

கடைசியா, யார்கிட்டயாவது கொட்டித் தீத்துடணும். ஆனா குடியாத்தத்துல இருக்க சித்தி பொண்ணு "யக்கா, நான் இப்போ தான் ஒன்பதாவது பாக்குறேன்"னு சொன்னா வாயே தொறக்காதீங்க, அவ முடிச்சிட்டு போன் பண்ணட்டும், அப்போ ரெண்டு பேரும் உக்காந்து நல்லா திட்டுங்க.