சமையலறையைத் தாண்டினால் வைஃபை இல்லையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீடு இருப்பது, தோட்ட வேலையை விட்டு வந்த குடும்பங்கள் நிறைந்த ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில். வரிசை வீடு. அகலம் 20 அடிதான், நீளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். முன்னால் ஹால், நடுவில் இரண்டு அறை, அப்புறம் சமையலறை, அதற்கும் பின்னால் அப்பா தகரக் கூரை போட்டு இழுத்துக் கட்டிய ஓர் அறை. இணையம் வந்து இறங்குவது ஹாலில், தங்கச்சி படிப்பது அந்தப் பின்னறையில். ஆன்லைன் வகுப்பு என்றால் சமையலறைக் கதவோரம் நாற்காலியைப் போட்டு, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்துவிடுவாள். ஒரு செமஸ்டர் முழுக்க மீன் பொரிக்கிற புகையில்தான் பாடம் கேட்டாள்.

இதைச் சரிசெய்யப் போய் நான் முதலில் காசைக் கரியாக்கினேன். நீங்கள் செலவில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள்.

1. கைப்பேசியோடு வீட்டைச் சுற்றி வாருங்கள்

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘வைஃபை அனலைசர்’ போன்ற இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். அலையின் பலத்தை அது மைனஸ் எண்ணில் காட்டும். மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும். மைனஸ் 80க்குப் போய்விட்டால் வாட்ஸ்அப் படம்கூடச் சுற்றிக்கொண்டே நிற்கும். ஹாலிலிருந்து பின்சுவர் வரை நடந்து, ஒவ்வோர் அறையிலும் என்ன எண் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் பிறகு வேண்டும்.

2. ரவுட்டரை மேலே ஏற்றுங்கள்

ஒயர் எந்தச் சுவர் வழியாக உள்ளே வருகிறதோ அங்கேயே பெட்டியை வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் அது டிவி அலமாரியின் கீழ்த்தட்டில், அப்பாவின் மீன் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது. இதைவிட மோசமான இடம் கிடைக்காது. தண்ணீர் வைஃபை அலையைக் குடித்துவிடும். டிவி, குளிர்பெட்டி, கண்ணாடி வைத்த பீரோ எல்லாம் அலையைத் திருப்பி அடிக்கும்.

உயரமான, திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். வீட்டின் நடுப்பக்கம் கொஞ்சம் வந்தால் இன்னும் நல்லது. ஒரு எச்சரிக்கை: ஃபைபர் ஒயர் உள்ளே கண்ணாடி இழை, மடக்கினால் ஒடிந்துவிடும். அது சேரும் சின்ன மோடம் பெட்டியைத் தொடாதீர்கள். அதிலிருந்து ரவுட்டருக்குப் போகும் கேபிளை மட்டும் நீளமானதாக மாற்றினால் போதும். இரண்டும் ஒரே பெட்டி என்றால் சேவை கொடுப்பவரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

எங்கள் சமையலறையில் மைனஸ் 74 இருந்தது, இந்த ஒரு வேலையில் மைனஸ் 65க்கு வந்தது. ஒரு காசு செலவில்லை.

3. 2.4ஆ, 5ஆ?

ரவுட்டர் இரண்டு அலைவரிசையில் வேலை செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு செங்கல் சுவர் வந்தால் மூச்சு வாங்கும். 2.4 வேகம் குறைவு, சுவரைத் தாண்டிப் போகும். பின்னறைக்கு 2.4. வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு வைஃபையும் நம் வீட்டுக்குள் நிரம்பியிருக்கும் என்பதால், 2.4ல் 1, 6, 11 ஆகிய சேனல்களில் எதில் கூட்டம் குறைவோ அதைத் தேர்ந்தெடுங்கள். அதே செயலி காட்டும்.

4. எக்ஸ்டெண்டர்: எங்கே சொருகுவது?

நான் சறுக்கிய இடம் இதுதான். கடைவீதியில் ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி வந்தேன், ரவுட்டரின் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் சின்னப் பெட்டி. அலை இல்லாதது பின்னறையில்தானே என்று அங்கேயே சொருகினேன். தங்கச்சியின் லேப்டாப்பில் எல்லாக் கோடும் நிரம்பியது. வகுப்பைத் திறந்தால் வாத்தியார் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறார்.

அந்தக் கோடுகள் லேப்டாப்புக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவில் இருக்கும் பலத்தை மட்டும்தான் காட்டுகின்றன. எக்ஸ்டெண்டருக்கு ரவுட்டரின் அலை ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பது அதில் தெரியாது. அப்பாவுக்கு இதைப் பெரட்டை, அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் கூட்டத்தை வைத்துத்தான் புரியவைத்தேன். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) சொல்வது காதில் விழாத மூலையில் நிற்கிறவன் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், நமக்கு என்ன சேதி சொல்ல முடியும்? கிராணியின் கூப்பிடு தூரத்தில் நிற்கிறவன்தான் சொல்ல முடியும்.

முதல் படியில் எழுதிய தாளை எடுங்கள். மைனஸ் 60க்கும் 67க்கும் நடுவில் எந்த இடம் வருகிறதோ, அங்கே இருக்கும் பிளக்கில் எக்ஸ்டெண்டர். எங்கள் வீட்டில் அது சமையலறை வாசல். இணைக்கும் விதம்:

முதலில் ரவுட்டர் இருக்கும் ஹாலிலேயே சொருகி, விளக்கு நிலையாக எரியும்வரை பொறுங்கள். ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் (WPS) பொத்தானை, கடவுச்சொல் இல்லாமல் இணைக்கும் பொத்தான் அது, அழுத்தி, 2 நிமிடத்துக்குள் எக்ஸ்டெண்டரிலும் அதே பொத்தானை அழுத்துங்கள். பிடித்துக்கொண்டால் அதன் விளக்கு சொல்லும்.

பொத்தான் இல்லையா? எக்ஸ்டெண்டரே தன் பெயரில் ஒரு வைஃபை அனுப்பும், கைப்பேசியை அதில் சேருங்கள். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரௌசரில் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். அங்கே உங்கள் வீட்டு வைஃபையைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். பக்கம் திறக்கவில்லை என்றால் மொபைல் டேட்டாவை அணைத்துப் பாருங்கள். ‘இந்த வைஃபையில் இணையம் இல்லை’ என்று கைப்பேசி தானாகவே டேட்டாவுக்குத் தாவிவிடும், நாம் எக்ஸ்டெண்டர் கெட்டுப்போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்.

சேர்ந்த பிறகு கழற்றி, குறித்து வைத்த இடத்தில் சொருகுங்கள். அமைப்பு அழியாது. தொடக்கத்தில் எக்ஸ்டெண்டருக்கு வேறு பெயர் வையுங்கள், எதில் சேர்ந்திருக்கிறோம் என்று தெரியும். எல்லாம் சரியாக ஓடினால் வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையுமே கொடுத்துவிடலாம்.

முழு வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்கிற பெட்டியில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். இரண்டு அலைவரிசை உள்ளதை வாங்கினால் 5ல் ரவுட்டரிடம் வாங்கி 2.4ல் அறைக்குக் கொடுக்கும், பரவாயில்லை. பெட்டியில் சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஒட்டு இருக்கிறதா, மூன்று முள் பிளக்தானா என்றும் பார்த்து வாங்குங்கள்.

மாடி வீடு என்றால் இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து வரும் மேஷ் வசதியானது. விலை கூட. இடம் பார்க்கிற விதி அதற்கும் இதேதான்.

5. முடிந்தால் கேபிள் இழுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முதல் தரம். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் போகும், நம் வீடு அதில் கால்வாசி இருந்தால் அதிகம். ஹாலிலிருந்து கூரையடியில் பின்னறை வரை இழுத்து, மூலையில் தூசி பிடித்துக் கிடக்கும் பழைய ரவுட்டரை அங்கே மாட்டலாம்.

பழைய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இல்லாவிட்டால் மூன்று வேலை. ஒன்று, அதன் முகவரியை மாற்றுங்கள். பெரிய ரவுட்டர் 192.168.0.1 என்றால் இதற்கு 192.168.0.2. இரண்டு, டிஎச்சிபியை (DHCP) அணைத்துவிடுங்கள், கருவிகளுக்கு முகவரி கொடுப்பது அதுதான், வீட்டில் அதற்கு ஒருவர் போதும். மூன்று, கேபிளை இரண்டு பக்கமும் லேன் (LAN) துளையில் சொருகுங்கள். பழைய ரவுட்டரில் நிறம் மாறி, தனியாக இருக்கும் வேன் (WAN) துளையைத் தொட வேண்டாம். இரண்டாவதை மறந்தால் சில கைப்பேசிகளுக்கு இணையம் வரும், சிலவற்றுக்கு வராது. ஏன் என்று தேடி ஒரு சனிக்கிழமை போய்விடும், எனக்குப் போனது.

கடைசியாக, இடி

நம் ஊர் சாயங்கால இடியைச் சொல்லவே வேண்டாம். கேபிளை வீட்டுக்குள்ளேயே இழுங்கள். முற்றத்தைத் தாண்டித் தனியாக நிற்கும் கொட்டகைக்கோ பக்கத்து வீட்டுக்கோ செப்புக் கேபிளை வெளியில் தொங்கவிட்டால், தூரத்தில் விழும் மின்னல்கூட அதன் வழியாக உள்ளே வந்துவிடும். அங்கே ஃபைபர்தான் சரி. சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, இடி தொடங்குவதற்கு முன்பே பிளக்கையும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். எங்கள் பழைய ரவுட்டரில் நான்கு லேன் துளைகளில் இரண்டு அப்படித்தான் போயின.

இப்போது செம்பனைக்காட்டுப் பக்கம் மழை கறுத்தால், துணி எடுக்க ஓடும் அம்மா போகிற வழியில் ரவுட்டர் பிளக்கையும் பிடுங்கிவிடுகிறார். பின்னறையிலிருந்து தங்கச்சி கத்துவது இரண்டு வீடு தள்ளிக் கேட்கும்.