ஒரு வாரத்தில் உங்கள் இரத்த அழுத்தத்தை அறிந்துகொள்வது எப்படி?

"எனக்குப் பி.பி. எல்லாம் கிடையாது, இருந்தால் தலை சுற்றாதா?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் சுற்றாது. மேல் அளவு 160ஐத் தாண்டியும் நன்றாகத் தூங்கி எழுந்து, மாடிப்படி ஏறி இறங்கி, வேலை பார்ப்பவர்கள் ஏராளம். உடல் காட்டிக்கொடுக்காததால்தான் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அதிலும், பரபரப்பாக நுழைந்து பரபரப்பாக எடுத்த ஒற்றை அளவை நம்பிப் பயப்படுவதும் வீண், நிம்மதி அடைவதும் வீண். ஏழு நாள் ஒதுக்கினால் போதும், உங்கள் உண்மையான எண் தெரிந்துவிடும்.

படி 1: இரண்டு எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது தமனிச் சுவர்மீது ஏற்படும் அழுத்தம் மேல் எண். அடுத்த துடிப்புக்கு முன் இதயம் தளர்ந்திருக்கும்போது எஞ்சி நிற்பது கீழ் எண். 120/80 என்பது மில்லிமீட்டர் பாதரசக் கணக்கு. பாதரசக் கருவிகள் மறைந்துவருகின்றன. அலகு மட்டும் நிலைத்துவிட்டது. கையில் பட்டை கட்டி அளக்கும் முறையை இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி 1896இல் வெளியிட்டார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், ஸ்டெதாஸ்கோப்பை வைத்துத் தமனியின் ஒலியைக் கேட்கும் வழியைச் சொன்ன பிறகுதான் கீழ் எண்ணையும் எளிதாக அறிய முடிந்தது.

படி 2: இதயத்துக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தினமும் பட்டை கட்டிக்கொண்டு உட்காரும் பொறுமை இது புரிந்தால்தான் வரும்.

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஓய்வில் இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அந்த வேலையின் பெரும்பங்கு இடது கீழறையுடையது. தமனிகளில் அழுத்தம் கூடினால், ஒவ்வொரு துடிப்பிலும் அந்த அறை அதை எதிர்த்துத் தள்ள வேண்டும். வருடக்கணக்கில் இப்படித் தள்ளினால் அதன் தசைச் சுவர் தடிக்கிறது. எடை தூக்கினால் புஜம் தடிப்பதுபோலத்தானே, நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. தடித்த சுவர் விறைத்துப்போகிறது. சுருங்குவதில் குறை தெரியாவிட்டாலும் தளர்ந்து விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ள அதனால் முடிவதில்லை. உள்ளே வர இடமில்லாத இரத்தம் பின்னால், நுரையீரல் பக்கம் தேங்குகிறது. நடந்தால் மூச்சு வாங்குவது, படுத்தால் இருமல் வருவது எல்லாம் இதயச் செயலிழப்பின் தொடக்கமாக இருக்கலாம்.

கீழறைக்கு மேலே உள்ள இடது மேலறையும் இந்தச் சுமையில் விரிகிறது. விரிந்த மேலறை தாளம் தவறித் துடிக்கத் தொடங்கினால், அங்கே இரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கலாம். இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுவரும் கரோனரி தமனிகளின் உட்சுவரும் சிதைந்து, கொழுப்பு படிந்து குறுகுகிறது. மாரடைப்பு வருவது அந்த வழியில். 40 முதல் 69 வயதினரைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், 115/75க்கு மேல் 20/10 கூடும் ஒவ்வொரு முறையும் இதயநோயாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காவது தெரியவந்தது.

படி 3: கருவி

மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவியே போதும். மணிக்கட்டில் கட்டுவது கையின் நிலையைப் பொறுத்து ஏமாற்றும். பட்டையின் அளவில் கவனம் தேவை: பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால், இல்லாத அழுத்தத்தைக் காட்டும்.

படி 4: அளவு எடுங்கள்

அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, தேநீர், புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பையும் எண்ணை உயர்த்தும். முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல், 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கைபேசியும் வேண்டாம்.

பட்டையைச் சட்டைக் கைமீது கட்டாமல், தோல்மீது, முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே கட்டுங்கள். கையை மேசைமீது வைத்து, பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கை கீழே தொங்கினால் எண் கூடும். அளக்கும்போது பேசக் கூடாது. வீட்டில் இருப்பவர்களிடம் இதை முன்பே சொல்லிவைப்பது நல்லது, ஏனென்றால் சரியாக அந்த நேரத்தில்தான் அவர்களுக்கு ஏதாவது கேட்கத் தோன்றும்.

முதல் நாள் இரண்டு கைகளிலும் அளந்து, கூடுதலாகக் காட்டும் கையையே பிறகு பயன்படுத்துங்கள். இரு கைகளுக்கும் மேல் எண்ணில் 10க்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காலையில் மாத்திரைக்கும் உணவுக்கும் முன் இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில். மாலையிலும் அப்படியே. வந்ததை வந்தபடி எழுதுங்கள். "இது சரியாக இல்லை, இன்னொரு முறை பார்ப்போம்" என்று நல்ல எண் வரும்வரை அளப்பது நம்மை நாமே ஏய்ப்பது.

படி 5: கணக்குப் போடுங்கள்

முதல் நாள் அளவுகளை விட்டுவிடுங்கள். புதுக் கருவியின் பதற்றம் அதில் கலந்திருக்கும். மீதி ஆறு நாளில் 24 அளவுகள். மேல் எண்களுக்குத் தனியாக, கீழ் எண்களுக்குத் தனியாகச் சராசரி.

வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் இரத்த அழுத்தம் என்று பல நாட்டு வழிகாட்டுதல்கள் கொள்கின்றன; மருத்துவமனையில் எடுக்கும் அளவுக்கு அந்த எல்லை 140/90. அமெரிக்க இதய அமைப்புகள் 2017இல் எல்லையை 130/80க்கு இறக்கின. இரண்டு எண்களில் ஒன்று தாண்டினாலும் கணக்கில் சேரும். வயதானால் மேல் எண் ஏறுவது பலருக்கும் நடப்பதுதான். அதற்காக அது தீங்கற்றது ஆகிவிடாது.

மருத்துவரைக் கண்டதும் ஏறி வீட்டில் இறங்குபவர்கள் உண்டு. அங்கே சரியாக இருந்து வீட்டில் ஏறுபவர்களும் உண்டு. எனக்குக் கவலை தருவது இரண்டாம் வகை, ஏனென்றால் அவர்களை யாரும் கண்டுபிடிப்பதில்லை.

180/120க்கு மேல் வந்தால் 5 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், பார்வை மங்கல் இவற்றில் ஏதாவது இருந்தால், மறுபடி அளக்கக்கூடக் காத்திராமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

படி 6: தாளோடு மருத்துவரிடம் போங்கள்

சராசரியை மட்டும் சொல்லாமல் முழுத் தாளையும் காட்டுங்கள். வலி மாத்திரைகளும் மூக்கடைப்பு மருந்துகளும் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. எதைச் சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். இ.சி.ஜி., சிறுநீர், இரத்தப் பரிசோதனைகள் வழக்கமானவை; கீழறைச் சுவர் தடித்திருக்கிறதா என்பதை எக்கோ, அதாவது ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், துல்லியமாகக் காட்டும். அழுத்தம் கட்டுக்குள் வந்தால் அந்தத் தடிப்பு ஓரளவு குறையவும் செய்யும்.

உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்துவது, வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, எடைக் குறைப்பு, புகையையும் மதுவையும் விடுவது எல்லாம் நீங்கள் அறிந்தவையே. இவற்றோடு மாத்திரையும் தேவைப்பட்டால் தயங்காதீர்கள். எண் இறங்கியதும் "சரியாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் நான் அதிகம் காணும் தவறு. எண் இறங்கியிருப்பதே மாத்திரை வேலை செய்வதால்தான். ஒரு மாத்திரையால் வறட்டு இருமலோ கணுக்கால் வீக்கமோ வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்றித் தர வேறு வகைகள் இருக்கின்றன.