மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள்: மாடித் தோட்டத்துக்கு முதல் பாடம்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் முதன்முதலாகப் பத்துத் தொட்டிகள் வைத்தபோது, காலையும் மாலையும் எல்லாச் செடிகளுக்கும் ஆளுக்கொரு குவளை தண்ணீர் ஊற்றினேன். இரண்டு மாதத்துக்குள் கற்றாழை அடியில் கொழகொழத்துச் சாய்ந்தது. நித்தியகல்யாணி தண்டு கறுத்துப் போனது. பக்கத்திலேயே நின்ற செம்பருத்தி, மொட்டுகளை ஒவ்வொன்றாக உதிர்த்தது. முதல் இரண்டும் தண்ணீர் மிகுந்து அழுகின. செம்பருத்தி தாகத்தில் தவித்தது. மூன்றுக்கும் ஊற்றியது அதே குவளைதான்.

இன்று வாடிய செடியைக் காட்டி என்னிடம் வழி கேட்பவர்களின் தொட்டிகளைப் போய்ப் பார்த்தால், பாதிக்கு மேல் சேறாக இருக்கின்றன. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ, காற்றும் அவ்வளவு முக்கியம். மண்ணின் இடைவெளி முழுவதையும் நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஈர மண்ணில் நிற்கும் செடியும் காய்ந்த மண்ணில் நிற்பதைப் போலவே இலையைத் தொங்கவிடும். அதைத் தாகம் என்று எண்ணி இன்னொரு குவளை ஊற்றும்போதுதான் செடி கைவிட்டுப் போகிறது.

படி 1: விரலை மண்ணுக்குள் விடுங்கள்

மேல் மண் காய்ந்திருப்பது எதையும் சொல்லாது. நம் ஊர் வெயிலில் அது ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு உள்ளே விடுங்கள். குளுமையாக இருந்து, விரலில் மண் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். உதிரியாகக் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். சிறு தொட்டிகளைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். நனைந்த தொட்டியின் கனம் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும்.

இலை வாடுவதை நண்பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கத்திரி, பூசணி போன்ற அகன்ற இலைச் செடிகள் உச்சி வெயிலில் தொங்கும், வெயில் தாழ்ந்ததும் நிமிரும். காலை ஆறு மணிக்கும் தொங்கிக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் விரல், பிறகுதான் குவளை.

படி 2: ஊற்றினால் அடிவரை ஊற்றுங்கள்

தினமும் மேலே கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே படர்ந்து, ஒரு நாள் தவறினாலும் வாடும். அடித்துளை வழியே நீர் கசியும்வரை மெதுவாக ஊற்றுங்கள். தென்னை நார்த்தூள் கலந்த பைகளில் ஒரு சிக்கல் உண்டு. அது முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உடனே ஏற்காது. ஊற்றிய நீர் பையின் ஓரமாக இறங்கி உடனே கீழே வந்துவிடும். நடுவில் மண் வறண்டே இருக்கும். அப்படியானால் கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஊற்ற வேண்டும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் தேங்கும் நீரை அன்றே கொட்டிவிடுங்கள். வேர் அழுகுவது ஒரு காரணம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

படி 3: தாகத்தின்படி இடம் மாற்றி அடுக்குங்கள்

ஒரே அளவு குடிக்கும் செடிகளை ஒரே வரிசையில் வையுங்கள். வேலை பாதியாகக் குறையும்.

கீரைக்கு வேர் மேலாக இருக்கும். விதைத்த முதல் இரண்டு வாரம் மேல் மண் காயக் கூடாது. பூவாளியால் மெல்லத் தூவுங்கள். குழாயைத் திறந்துவிட்டால் விதைகள் ஒரு மூலைக்கு அடித்துச் செல்லப்படும்.

தக்காளிக்கு அளவைவிடச் சீரான இடைவெளிதான் வேண்டும். மூன்று நாள் காயவிட்டு, நான்காம் நாள் வெள்ளமாக ஊற்றினால் பழம் வெடிக்கும். காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குவதும் பெரும்பாலும் இதனால்தான். சுண்ணாம்புச் சத்து நீரோடு சேர்ந்தே காய்க்குப் போகிறது. நீர் விட்டுவிட்டு வந்தால் சத்தும் விட்டுவிட்டுத்தான் போகும். முட்டை ஓட்டுத் தூள் தேடுவதற்கு முன் தண்ணீர் ஊற்றுவதைச் சீராக்குங்கள். என் 12 அங்குலத் தொட்டித் தக்காளி சித்திரை மாதத்தில் நாளுக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கிறது. மார்கழியில் அதில் பாதிகூடத் தேவைப்படுவதில்லை. மிளகாய், கத்திரிக்கும் இதே கவனம் போதும். பூக்கும் நேரத்தில் காயவிட்டால் மிளகாய் பூவைக் கொட்டிவிடும்.

மல்லிகையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் ஊரில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் போக மனம் வராது. நவம்பர் கடைசியில் கவாத்து செய்வதற்கு, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதற்கு முன்பு அதற்குத் தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும். செடி ஓய்வெடுக்கும். கவாத்து முடித்து, தொழுவுரம் வைத்து, மறுபடி ஊற்றத் தொடங்கினால் புதுத்தளிர் வரும். அந்தத் தளிர்களில்தான் பங்குனி வாக்கில் மொட்டு கட்டும். ஆண்டு முழுவதும் குறையில்லாமல் ஊற்றினால் இலைதான் செழிக்கும்.

காகிதப்பூவும் அப்படித்தான்: சற்றுக் காயவிட்டால் கொத்துக் கொத்தாகப் பூக்கும். செம்பருத்திக்குக் கோடையில் தினமும் வேண்டும். ரோஜாவுக்கு அடியில் மட்டும் ஊற்றுங்கள். மாலையில் இலை நனைந்தால் இரவெல்லாம் ஈரம் நின்று கரும்புள்ளி நோய் வரும். கறிவேப்பிலையும் நித்தியகல்யாணியும் மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் கேட்கும். கற்றாழைக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும், மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம்.

படி 4: காலையில் ஊற்றுங்கள்

வெயில் ஏறுவதற்கு முன் ஊற்றுவது நல்லது. அக்னி நட்சத்திர நாட்களில் மாலையிலும் ஒருமுறை தேவைப்படலாம். அந்த நாட்களில் மாடியில் கிடக்கும் குழாயில் தேங்கிய நீர் கை பொறுக்காத சூட்டில் வரும். அதை ஒரு வாளியில் பிடித்து ஆறவைத்துவிட்டுச் செடிப் பக்கம் போங்கள். மண்ணின் மேல் காய்ந்த சருகையோ தேங்காய் மட்டையையோ இரண்டு அங்குல மூடாக்காகப் போட்டால் ஈரம் வெகுநேரம் நிற்கும். மண்தொட்டி சுவர் வழியாகவும் நீரை ஆவியாக்கும் என்பதால் பிளாஸ்டிக் தொட்டியைவிடச் சீக்கிரம் காயும். அடுக்கும்போது அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

படி 5: தண்ணீரின் தன்மையைப் பாருங்கள்

ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெண்மையாகப் படியும், இலை நுனி கருகும். மாதம் ஒருமுறை அடித்துளையில் நீர் ஓடும்படி தாராளமாக ஊற்றினால் உப்பு கரைந்து வெளியேறும். பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரில் உப்பு செறிந்திருக்கும். தளம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், செடிக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள். அரிசி கழுவிய நீரை அன்றன்றே ஊற்றலாம்.

படி 6: ஊருக்குப் போகும்போது

இரண்டு மூன்று நாள் என்றால், தொட்டிகளை நிழலில் நெருக்கி வைத்து, நிறைய ஊற்றி, மூடாக்கைக் கனமாக்கிவிட்டுப் போகலாம். அதற்கு மேல் என்றால் திரி கட்டுங்கள். பழைய பருத்தித் துணியைக் கயிறாக முறுக்கி நனைத்து, ஒரு முனையைச் சற்று உயரத்தில் வைத்த வாளி நீரிலும், மறு முனையைத் தொட்டி மண்ணில் மூன்று அங்குல ஆழத்திலும் புதைக்க வேண்டும். வாளியை மூடி வையுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கட்டி, மண் எவ்வளவு ஈரமாகிறது என்று விரலால் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் மிகுந்தால் திரியை மெல்லியதாக மாற்றுங்கள். கற்றாழைக்குத் திரி வேண்டாம்.