பழைய வெள்ளிப் பாத்திரங்களை வாங்கி விற்பது எப்படி: காவிரி டெல்டாவில் தொடங்குவோருக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என எந்த ஊர் நகைக்கடையில் பழைய வெள்ளிப் பாத்திரத்தைக் கொண்டுபோய் வைத்தாலும், அதை நிறுத்து, டச் (வெள்ளியின் தூய்மை) பார்த்து, அன்றைய விலையில் கழிவு போக ஒரு தொகையைச் சொல்வார்கள். பாத்திரம் பெரும்பாலும் உருக்குவதற்குப் போய்விடும். பன்னீர்ச் செம்பின் கழுத்தில் தட்டார் பொறுமையாக எழுப்பிய கொடிக்கும் அன்னத்திற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. பழைய வெள்ளியை வாங்கி விற்பவருடைய தொழில், உலோகத்தின் விலைக்கு மேல் வேலைப்பாட்டிற்கும் ஒரு விலை உண்டு என்பதை அறிந்து வாங்கி, அதை மதிக்கும் ஒருவரிடம் சேர்ப்பதே ஆகும். பொறுப்புடன் செய்தால் இதில் வருமானமும் உண்டு. நல்ல பொருள்கள் சிலவேனும் உலைக்குப் போகாமல் தப்பும் என்பது எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

முதலில் உருக்கு விலைக் கணக்கு, அதாவது உருக்குவதற்குக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்ற கணக்கு, கைவர வேண்டும். செய்தித்தாளில் வரும் வெள்ளி விலை ஏறக்குறையத் தூய வெள்ளிக்கு உரியது. டச் என்பது நூறு பங்கில் வெள்ளி எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது. 600 கிராம் எடையுள்ள கூஜா 90 டச் இருந்தால், அதில் உள்ள வெள்ளி 540 கிராம். கணக்கின் எளிமைக்காகக் கிராம் 100 ரூபாய் என்று கொண்டால், உலோகத்தின் மதிப்பு 54,000 ரூபாய். கடைக்காரர் கழிவைப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே தருவார்; அதுவே உருக்கு விலை. வேலைப்பாடு இல்லாத சாதாரண டம்ளர், கிண்ணம், தட்டு ஆகியவற்றை இந்தத் தொகைக்கு மேல் கொடுத்து வாங்கக் கூடாது. நகாசு வேலை (தகட்டைத் தட்டி எழுப்பிய பூ, உருவ வேலைப்பாடு) உள்ள பொருளுக்கு மட்டுமே அதைத் தாண்டலாம். எவ்வளவு தாண்டுகிறீர்களோ அதுவே நீங்கள் ஏற்கும் இழப்பு அபாயம், ஏனெனில் விற்காமல் நின்றுவிட்டால் உருக்கு விலைதான் திரும்பக் கிடைக்கும்.

பழைய வீட்டுப் பாத்திரங்களில் தர முத்திரை இல்லாதிருப்பது குறையன்று. குடும்பத்தினர் வெள்ளி ரூபாய்களைத் தட்டாரிடம் கொடுத்துப் பாத்திரம் செய்துகொள்வது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம் எடையுடன், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி கொண்டதாக இருந்தது. 1940இல் அது 50 பங்காகக் குறைக்கப்பட்டது. ஆகவே நல்ல ரூபாயிலிருந்து செய்த பாத்திரம் 91 டச் காட்டினால் அது தரமான பொருளே. மூக்கும் பிடியும் பற்றவைக்கப்பட்ட கூஜா போன்றவற்றில் பற்றாசு (ஒட்டவைக்கும் தாழ்ந்த டச் கலவை உலோகம்) சேர்வதால், மொத்தமாக உருக்கும்போது டச் இன்னும் சற்று இறங்கும். அதையும் விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

சோதனையில் அவசரம் கூடாது. காந்தம் இரும்பை மட்டுமே காட்டிக்கொடுக்கும். பித்தளையையும் ஜெர்மன் சில்வரையும் காட்டாது. ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். அதில் வெள்ளியே கிடையாது. ‘ஈ.பி.என்.எஸ்.’ என்ற எழுத்துகள் இருந்தால் அது அத்தகைய உலோகத்தின் மேல் மின்முலாம் பூசிய பொருள். பல நகைக்கடைகளில் உள்ள எக்ஸ்-கதிர் இயந்திரம் மேற்பரப்பை மட்டுமே அளக்கிறது. புளியாலும் திராவகத்தாலும் பலமுறை வெளுக்கப்பட்ட பாத்திரத்தின் மேல்தோலில் செம்பு குறைந்திருப்பதால், அங்கே கிடைக்கும் அளவு உண்மையைவிடக் கூடுதலாக இருக்கும். தேய்ந்த அடிப்பகுதியிலும் விளிம்பிலுமாக இரண்டு மூன்று இடங்களில் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய நம்பகமான சோதனை நீரில் நிறுப்பது. 311 கிராம் எடையுள்ள செம்பை நூலில் கட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் நீரில் முழுவதும் அமிழ்த்தித் தொங்கவிட்டு நிறுத்தால் 281 கிராம் வருகிறது என்று கொள்வோம். குறைந்த 30 கிராமால் 311ஐ வகுத்தால் 10.37 கிடைக்கும். தூய வெள்ளிக்கு இந்த எண் 10.49, 92.5 டச் வெள்ளிக்குச் சுமார் 10.36, 80 டச் வெள்ளிக்குச் சுமார் 10.14. எண் 9க்குக் கீழே வந்தால் அது வெள்ளிப் பாத்திரம் அன்று. உள்ளே அரக்கு நிரப்பிய விளக்குத் தண்டு, மூடிய குழல் பிடி போன்றவற்றுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது.

வேலைப்பாட்டை மதிப்பிடுவதற்குக் கையும் கண்ணும் பழக வேண்டும். கையால் எழுப்பிய நகாசில், வெளியே மேடாக இருக்கும் உருவம் உட்புறத்தில் பள்ளமாகத் தெரியும். இரண்டு பூக்கள் ஒன்றுபோல் இரா. அச்சில் அழுத்தியதில் எல்லாப் பூவும் ஒரே அளவாக இருக்கும். சுவரைக் கட்டைவிரலால் சுற்றித் தடவிப் பார்த்து, ஓரிடத்தில் மட்டும் மெலிந்திருந்தால் அங்கே பெயர் அழிக்கப்பட்டிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். நம் பக்கத்துப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் காலத்தைக் கணிக்கவும் உதவுகிறது. ‘லை’, ‘னை’, ‘றா’, ‘னா’ ஆகியவை துதிக்கை போல் வளைந்த பழைய வடிவில் வெட்டப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தையது. ஆனால் பெயர் பிற்காலத்திலும் வெட்டப்பட்டிருக்கலாம் என்பதால் இதை ஒரு சான்றாக மட்டும் கொள்க.

தஞ்சாவூர்க் கலைத்தட்டைத் தனியாகக் கருத வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற இந்தத் தட்டின் அடித்தளம் பித்தளை அல்லது செம்பு. அதன் மேல் அரக்குத் தாங்கலுடன் மெல்லிய வெள்ளித் தகட்டு உருவங்கள் பொருத்தப்படுகின்றன. மொத்த எடையை வெள்ளியாகக் கணக்கிட்டுப் பணம் கொடுப்பவர்கள் பெரும் இழப்புக்கு ஆளாகிறார்கள். இதற்குரிய விலை முழுவதும் வேலைக்கே. தெய்வ உருவங்கள் நிறைந்த ‘சுவாமி’ வேலைப்பாட்டுத் தேநீர்க் கலங்கள் எப்போதாவது கண்ணில் படும். 1875-76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்த காலத்தில் சென்னையின் பி. ஓர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தால் பெயர்பெற்ற பாணி இது. அத்தகைய பொருளை எடைக்கு விற்பவரிடம் அதன் மதிப்பைச் சொல்லிவிட்டு விலை பேசுவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

எதை வாங்கக் கூடாது என்பதில் இளக்கம் காட்ட வேண்டாம். ‘உபயம்’ என்ற சொல்லோ, கோயில், மடம், கட்டளை (கோயில் அறக்கொடை) ஆகியவற்றின் பெயரோ வெட்டப்பட்ட பொருளைத் தொடாதீர்கள்; திருமணத்திற்கு வந்த ‘அன்பளிப்பு’ வேறு, தெய்வத்திற்குக் கொடுத்த உபயம் வேறு. கவசம், திருவாசி, உற்சவச் சிலை ஆகியவற்றுக்கும் இதுவே விதி. திருடப்பட்டு வெளிநாடு போன திருவாரூர் மாவட்டத்துப் பத்தூர் நடராஜர் சிலை லண்டன் நீதிமன்ற வழக்கிற்குப் பின் 1991இல் நாடு திரும்பிய வரலாறு இப்பகுதியினருக்குத் தெரியும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். மேலும், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத வரலாற்றுச் சிறப்புள்ள பொருள்களை வணிகமாக விற்க உரிமம் தேவை; தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆதாரமின்றி ‘நூறு வருடப் பழமை’ என்று விளம்பரம் செய்வது இரு வழியிலும் தீங்கு தரும்: உண்மையானால் உரிமச் சிக்கல், பொய்யானால் வாங்குபவரை ஏமாற்றியதாகும்.

வீடுகளில் வாங்கும்போது முத்திரையிட்ட தராசை எடுத்துச் சென்று, விற்பவர் கண்முன் நிறுக்க வேண்டும். வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் வெள்ளியை வீட்டிலிருந்து அனுப்பப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. அந்த நேரங்களில் போகாதீர்கள். பொருள் காலமான தாய் தந்தையருடையது என்றால், உடன்பிறந்தோர் அனைவரின் ஒப்புதலையும் எழுத்தில் பெறுங்கள். வெளியூரில் இருக்கும் ஒரு சகோதரியைக் கேளாமல் விற்கப்பட்ட வெற்றிலைச் செல்லம், பின்னர் குடும்பச் சண்டைக்கும் காவல் நிலையப் புகாருக்கும் காரணமாகலாம். படம், எடை, அடையாளம், விற்பவரின் அடையாள அட்டை நகல், கையொப்பம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு பதிவேடு வைத்து, பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வெள்ளிக்குரிய 3 சதவீத ஜி.எஸ்.டி. பற்றியும், பழைய பொருளின் லாபத்தொகைக்கு மட்டும் வரி கட்டும் முறை பற்றியும் தணிக்கையாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியவுடன் பளபளப்பாக்கத் தோன்றும். நகாசின் பள்ளங்களில் தங்கிய கருமைதான் உருவத்தை எடுத்துக் காட்டுகிறது. அலுமினியத் தகடும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீரில் அமிழ்த்தினால் அந்தக் கருமை முழுவதும் போய், வேலை தட்டையாகத் தோன்றும். பற்பொடி கீறல் உண்டாக்கும். மென்மையான துணியில் சலித்த விபூதியைத் தொட்டு மேடான பகுதிகளை மட்டும் துடைத்தால் போதும். ரப்பர் வளையத்தில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். எனவே உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். நசுங்கலை எடுப்பது பெரும்பாலும் பொருளைக் கெடுக்கும். உண்மையான தேர்ச்சியுள்ள தட்டார் கிடைத்தால் மட்டும் அதைக் கொடுங்கள்.

விற்பனையில் தொகுதிக்கு மதிப்பு அதிகம். பன்னீர்ச் செம்பு, சந்தனக் கும்பா, குங்குமச் சிமிழ் ஆகிய மூன்றும் ஒரே கைவேலையாகத் தட்டுடன் கிடைத்தால் பிரிக்காமல் விற்க வேண்டும்; சீர் வரிசைக்குத் தேடும் குடும்பங்கள் அதையே விரும்புகின்றன. தனிப் பாலாடையும் பஞ்சபாத்திர உத்தரணியும் விரைவில் கை மாறும். பெரிய தாம்பாளம் காத்திருக்க வைக்கும். படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து, அடிப்பகுதி, வெட்டிய பெயர், பற்றவைத்த இடம், நசுங்கல் ஆகிய எல்லாவற்றையும் காட்டி, எடையும் டச்சும் எழுதுங்கள். விலையை இரு பகுதியாகச் சொல்வது நல்லது: உலோகத்தின் மதிப்பு விற்கும் நாளின் விலையில், வேலைக்குரிய தொகை நிலையாக. சந்தை இறங்கினாலும் ஏறினாலும் இருவருக்கும் மனத்தாங்கல் வராது; பேரம் பேசுபவர் குறைக்கச் சொல்லும்போது இரண்டாம் தொகையில் மட்டும் விட்டுக்கொடுங்கள்.