"ஊர்ல பேர் இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள்: வாக்காளர் பட்டியலிலும் மக்கள்தொகைக் கணக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலோ திருப்பூரிலோ இருபது வருடமாகக் குடியிருப்பவரிடம் ஓட்டு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "ஊர்லதான் பேர் இருக்கு" என்பார். சொந்த ஊர்ப் பட்டியலில் இருக்கும் பேரை நீக்க மனசு வராது, அது புரிகிறது. ஆனால் சட்டப்படி பேர் இருக்க வேண்டியது நாம் வழக்கமாக வசிக்கும் இடத்தில். தேர்தல் நாளில் லீவு கிடைக்காது, பஸ்ஸில் இடம் கிடைக்காது, அந்த ஓட்டு அப்படியே வீணாகும்.

2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 விழுக்காடு பதிவானது, மத்திய சென்னையில் சுமார் 54. நகரத்துக்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று உடனே சொல்லிவிடுகிறோம். வீடு மாறியவர், இறந்தவர், இரண்டு இடத்தில் பேர் உள்ளவர் எல்லோரும் பட்டியலில் நிற்கும்வரை அந்த விழுக்காட்டை வைத்து யாரையும் குறை சொல்ல முடியாது.

இரட்டைப் பேர் பல நேரம் நல்ல எண்ணத்தில்தான் வருகிறது. வீடு மாறியதும் படிவம் 6 கொடுத்துவிடுகிறார்கள். அது முதல்முறை பேர் சேர்ப்பவர்களுக்கானது. ஏற்கெனவே பேர் உள்ளவர் முகவரி மாற்றக் கொடுக்க வேண்டியது படிவம் 8. கல்யாணமாகிப் புகுந்த வீடு வந்த பெண்களும் இதைத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்து, அட்டை. என் அப்பா ஒருமுறை வாக்காளர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்றார். பட்டியலில் பேர் இல்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டுத் தலை குனிந்து வீட்டுக்கு வந்தார். பட்டியலில் பேர் இருந்தால், அட்டை இல்லாவிட்டாலும் ஆதார் போன்ற வேறு ஆவணத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம்; பேர் இல்லை என்றால் அட்டை உதவாது. பட்டியலைத் தேர்தலுக்குப் பல மாதம் முன்பே பார்த்துவிடுங்கள்.

சரி, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருவோம். 2011-க்குப் பிறகு 2021-இல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு, அதாவது அன்றைய நிலவரமே கணக்கு என்று, அறிவிக்கப்பட்டது. ஆட்களை எண்ணுவது பிப்ரவரியில். செங்கல் சூளைகளில் வேலை மும்முரமாக நடக்கும் மாதம் அது. குடும்பத்தோடு சூளைக்குப் போனவர்களை ஊரில் இருக்கும் பாட்டி கணக்கில் சொல்லிவிடுவார், அல்லது இரண்டு இடத்திலும் யாரும் சொல்லாமல் விடுவார்கள். கணக்கெடுப்புக் காலம் முழுக்க வெளியூரில் இருப்பவரை இருக்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும் என்பதே 2011-இல் இருந்த விதி. சூளைக் கொட்டகையில் கைக்குழந்தை இருந்தால் அதையும் சேர்த்து.

வீட்டுச் சொந்தக்காரர்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. மாடி அறையில் பத்து வடமாநிலத் தொழிலாளர்கள் இருப்பார்கள், வரி ஏறிவிடுமோ என்று "நாலு பேர்தான்" என்பார்கள். 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, நீங்கள் சொல்லும் விவரத்தை வேறு யாரும் பார்க்க முடியாது, வழக்கில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. பயப்பட ஒன்றுமில்லை. தெரு, குடிநீர், பள்ளி எல்லாம் அந்தப் பத்துப் பேருக்கும் சேர்த்துத்தான் திட்டமிடப்பட வேண்டும்.

நரிக்குறவர்கள் 2023-இல்தான் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பிரிவில் அவர்கள் எண்ணப்படப் போகும் முதல் கணக்கெடுப்பு இது. ஊசி மணி, பாசி விற்க வெளியே போயிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க வருபவர் அவர்கள் குடியிருப்பைத் தாண்டிப் போய்விட்டால், எவ்வளவு காலம் போராடிப் பெற்றது காகிதத்தில் காணாமல் போகும்! திரும்பி வரும் நேரம் கேட்டு, மறுபடி போக வேண்டும்.

தாய்மொழிக் கேள்வியிலும் தடுமாற்றம் உண்டு. நன்றாகப் பேசும் மொழியையோ மாநில மொழியையோ சொல்லக் கூடாது. சிறு வயதில் அம்மா நம்மிடம் பேசிய மொழியைச் சொல்ல வேண்டும். 2011-இல் நாடு முழுவதும் சௌராஷ்டிரம் என்று பதிவானவர்கள் சுமார் 2.47 லட்சம் பேர். மதுரையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அப்போது தாய்மொழி என்னவென்று கேட்டார்கள். "தமிழ்னே போட்டுக்கோங்க சார், நல்லாவே பேசுவேன்" என்றார். அப்புறம் உள்ளே திரும்பி, வந்தவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிப் பேத்தியைச் சௌராஷ்டிரத்தில் கூப்பிட்டார். சொம்போடு வந்த பேத்திதான், "பாட்டி, இப்ப என்கிட்ட எதுல பேசினே?" என்று கேட்டு, திருத்தி எழுத வைத்தாள்.